பழைய டிஸ்க், புது போர்டு

ஜூன் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் போய்விட்டது. பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. கருகல் வாசனை வேறு. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். "மதர்போர்டு போயிடுச்சும்மா. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல."

அப்பாடா என்றிருந்தது. "போர்ட மாத்துங்க. டிஸ்க் மட்டும் இதேதான் இருக்கணும், அதத் தொடாதீங்க" என்று அழுத்திச் சொன்னேன். தலையாட்டினார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மேசை மேல் அது இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம்.

ஜூன் 5

பஸ் கண்டக்டர் வந்திருந்தாள். நான் செய்து கொடுத்த ஷூவைக் கழற்றிக் காட்டினாள். இடது அடிப்பாகம் பிளந்து வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு இடது கால் குட்டை. ஓடுகிற பஸ்ஸில் நாள் முழுக்க நின்று டிக்கெட் கிழிக்கிறவள், இதைப் போட்டுக்கொண்டு எப்படி நிற்பாள்? லீவில் இருக்கிறாளாம்.

"அக்கா, பதினாறாம் தேதி டியூட்டில நிக்கணும். இல்லன்னா டிப்போவுக்குள்ள உக்கார்ற வேலைக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க. எனக்கு அந்த இருட்டு ரூம்ல உக்கார முடியாதுக்கா."

"உன் அளவு எல்லாம் இருக்கு, கம்ப்யூட்டர் வந்ததும் புது ஷூவுக்கு வெட்டிடறேன்" என்றேன்.

வெறும் அளவு என்றால் நாடாவை எடுத்து மறுபடி எடுத்துவிடலாம். அவளுடைய குதிகாலுக்கு என்ன சரிவு கொடுக்க வேண்டும் என்பது அப்படி வந்ததல்ல. போட்டுப் பார்த்து, வலிக்கிறது என்று அவள் திரும்பி வந்து, நான் சீவி, மறுபடி வலித்து, மறுபடி சீவி — வருஷக்கணக்கில் செய்த தப்புகளின் மிச்சம் அது. டிஸ்க்கில் இருக்கிறது. அவளுடையது மட்டுமா? எல்லாருடையதும்.

ஜூன் 6, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

தோல் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் மேசை மேல் இருக்கிறது, இவர் அதன் முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "வா வா, இத பாரு. அழுத்தின கையோட வந்துடுது." திரையில் ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு ஏரி. வேறு ஒன்றுமே இல்லை.

"என் ஃபைல்லாம் எங்க?"

"புது டிஸ்க் போட்டாச்சு. பழசு போட்டா மெதுவா ஓடும்னார்."

"பழசு எங்க?"

"அவர்கிட்டயே குடுத்துட்டேன். பழைய சாமான வச்சு என்ன பண்ணப் போற? விலையில கொஞ்சம் கழிச்சுக்கிட்டார்."

குடுத்துட்டேன். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை. யாருடையதை யார் கொடுப்பது? இவர் ஆபீசில் இருந்த காலத்தில் இவர் மேசையிலிருந்து ஒரு குண்டூசியை நான் எடுத்துக் கொடுத்திருப்பேனா? ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து எல்லாவற்றிலும் ஒரு கை. பருப்பு டப்பாவை இடம் மாற்றினார், பேசாமல் இருந்தேன். என் கத்தரிகளை வரிசையாக ஆணியில் மாட்டினார், அதற்கும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்து இருந்து இங்கே வந்து நிற்கிறது.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அதற்கு அவர் சொன்ன பதில் — "உனக்கு நல்லது பண்ணப் போனா இப்படித்தான்." முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் பாவமாம். நான் ராட்சசியாம்.

அந்த டிஸ்க்கில் படங்கள் இருக்கின்றன. வளைந்த பாதம், விரல் இல்லாத பாதம், தீயில் வெந்த பாதம். வீட்டு ஆட்கள் முன்னால்கூட சாக்ஸைக் கழற்றாதவர்கள் என்னிடம் கழற்றிக் காட்டினார்கள். அதைத் தூக்கி ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்து, மலையைப் பாரு ஏரியைப் பாரு என்கிறார்.

சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார்.

ஜூன் 7

கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "சார்தான் வேணாம்னு சொன்னாரும்மா" என்றார்.

"சாருக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாது. நீங்க என்னைக் கேட்டிருக்கணும். தொடாதீங்கன்னு உங்ககிட்ட சொன்னது நான்."

"வீட்ல யாரோ ஒருத்தர் சொன்னா போதும்னு..."

"வேலை என்னோடது."

ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அழிப்பதற்காகக் கழற்றிப் போட்ட டிஸ்க்குகள், எல்லாம் ஒரே அச்சு. எது என்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. நான் போக மாட்டேன்."

ஒன்றில் யாருடைய கல்யாணமோ. இன்னொன்றில் கணக்கு. அப்புறம் ஒன்றை மாட்டினவர் சட்டென்று பின்னால் சாய்ந்தார். "என்னம்மா இது, எல்லாம் காலா இருக்கு?"

"மூடுங்க. பார்க்காதீங்க. அதுதான்."

சாயந்திரம் அழிக்க உட்கார்ந்திருப்பாராம். சாதாரணமாகச் சொன்னார். விலையில் கழித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

புது டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பழையதை நானே மாட்டினேன். எழவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: இயக்க எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையா? உள்ளேதானே இருக்கு, கண்ணு தெரியலையா உனக்கு?

கதவருகில் நின்று இவர், "ஒத்துக்காதுன்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார். குரலில் ஒரு சின்ன சந்தோஷம். ஸ்குரூடிரைவரை மேசையில் வைத்துவிட்டேன். கையில் வைத்திருப்பது நல்லதில்லை என்று பட்டது.

மகளுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில், "அப்பா சொன்னார்மா. பாவம், உனக்காகத்தானே பண்ணினார்" என்கிறாள். அவளிடம் முதலில் ஓடியிருக்கிறார்!

"உன் ஆபீஸ் லேப்டாப்ப உன்னைக் கேக்காம யாராவது வித்தா பாவம்னு சொல்வியா?" என்று கேட்டேன்.

அவள் குரல் மாறியது. "சரி சொல்றேன், கேளு. பழைய டிஸ்க் பழைய முறையிலதான் எழும்பும். புது போர்டு புது முறையில தேடுது. போர்டோட செட்டிங்ல பழைய முறைக்கும் வழி இருக்கும், நீ அத மாத்தணும். எதையாவது அழிக்கட்டுமான்னு கேட்டா மட்டும் வேணாம்னு சொல்லு."

வேணாம் சொல்லத்தான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேனே.

ஜூன் 9

வந்துவிட்டது!

செட்டிங் பக்கத்தில் அவள் சொன்ன வரி பேர் மாறி இருந்தது, தேடிக் கண்டுபிடித்து மாற்றினேன். நீலத் திரை வந்து பயமுறுத்தியது. தானே அணைந்தது, தானே எழுந்தது, "சாதனங்களைத் தயார் செய்கிறோம்" என்றது, மறுபடி அணைந்தது. நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். கடைசியில் பூதாகரமான எழுத்துகளோடு என் பழைய திரை. போர்டோடு வந்த சிடியைப் போட்டு எழுத்தைச் சரி செய்தேன். ஓரத்தில், இந்த சாஃப்ட்வேர் அசல்தானா என்று நிரூபிக்கச் சொல்லி ஒரு நச்சரிப்பு. அசல்தான், போ.

கண்டக்டரின் இடது கால். திறந்தது. சரிவு அப்படியே இருக்கிறது.

கொஞ்சம் அழுதேன். கோபம் அதில் கரையும் என்று பார்த்தேன், கரையவில்லை.

ஜூன் 10

புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டேன். "என்ன பாஸ்வேர்டு?" என்றார். "என்னோடது" என்றேன்.

ஜூன் 11

பேச்சு இல்லை. சாம்பார் நன்றாக இருக்கிறது என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். தட்டு பதில் சொல்லட்டும்.

ஜூன் 14, சனி

கண்டக்டர் புது ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள். திரும்பினாள். ஜன்னல் கம்பியைப் பிடிக்காமல் ஒரு காலைத் தூக்கி நின்று காட்டினாள். "பிரேக் போட்டாலும் நிப்பேன்க்கா." இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது எனக்கு.

ஜூன் 22, ஞாயிறு

தோல் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து இவரோடு பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவியின் பழைய தையல் மெஷின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதாம், பழைய சாமான்காரன் வருகிறானாம், போட்டுவிடலாமா என்று யோசனை கேட்டார்.

இவர் செருப்பைத் தரையில் தேய்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம், குரலைத் தாழ்த்தி:

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க சார். கேக்காம குடுக்காதீங்க."

என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, எதிர்வீட்டுக்காரரிடம் வருகிறது.

கத்தியை நிறுத்தவில்லை. வளைவு முடிகிற வரைக்கும் வெட்டிவிட்டு, எழுந்து போய், இரண்டு பேருக்கும் டீ வேண்டுமா என்று கேட்டேன்.