அப்பாவின் வலது குதிகால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் அங்க சௌக்கியம்னு நம்புறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் தலையிலேர்ந்து முழங்கால் வரைக்கும் நலம், அதுக்குக் கீழே நடந்த கூத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுறேன். போன்ல அப்பா பேச்சை எடுத்தாலே நீ வேலை இருக்குன்னு வெச்சிடுற, உன் பேச்சை எடுத்தாலே அவர் சலூன் கத்திரிக்கு எண்ணெய் போடக் கிளம்பிடுறார். உங்க நடுவுல மாட்டிக்கிட்டு எனக்குத்தான் மண்டை வெடிக்குது. கடிதத்தைப் பாதியில கட் பண்ண முடியாதில்ல, முழுசா படி.

போன தடவை அவர்கிட்ட என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா? நான் சொல்லிக் குடுத்த பயிற்சியைச் செஞ்சிருந்தா குதிகால் வலி இந்நேரம் குறைஞ்சிருக்கும், செய்யாமலே செஞ்சேன்னு பொய் சொல்றீங்க, இந்த மாதிரி எத்தனை பேஷன்ட்டைப் பார்த்திருக்கேன்னு பொரிஞ்சு தள்ளின. ஊரான் காலையெல்லாம் பிடிச்சுச் சரி பண்றவ பெத்த அப்பனைப் பொய்யன்னுட்டாளேன்னு அன்னைக்கு அவர் சாப்பிடவே இல்ல. அதோட விட்டாரா, இந்தக் காலை வெச்சுக்கிட்டு இனிமே நிக்க முடியாது, மாசக் கடைசியில சலூனைக் காலி பண்ணிடுறேன்னு கட்டடக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டார். காலையில கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் கடிக்கிறதை நானும்தான் தினம் பார்க்கிறேன். அதுக்காக அந்த நாற்காலியைச் சுத்திச் சுத்தியே வாழ்ந்த மனுஷன் கடையை மூடிட்டு வீட்டுல என்ன செய்வார்? அடுப்படியில வந்து நின்னு நான் காய் நறுக்குறதுல குத்தம் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். என் கதி என்ன ஆகும்னு ரெண்டு பேர்ல யாராவது யோசிச்சீங்களா?

இங்கயும் உன்னை மாதிரி ஒரு பிசியோதெரபி அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட போகலாம்னு கெஞ்சாத நாள் இல்ல. சொந்தப் பொண்ணு இருக்கும்போது அடுத்தவங்ககிட்ட காலை நீட்டுறதான்னு ஒரே வீம்பு. தரதரன்னு இழுக்காத குறையா கூட்டிட்டுப் போனேன். அவங்க குதிகாலை ஒரு கையில ஏந்தி, இன்னொரு கையால கணுக்காலை மெதுவா பின்னால தள்ளித் தள்ளி அசைச்சாங்க, ஆடுசதையைக் கட்டைவிரலால அழுத்தி நீவி விட்டாங்க. இவர் சும்மா இருக்கணுமே! முடி வெட்டி முடிச்சுத் தலை பிடிச்சு விடுற பழக்கத்துல, விரலால அழுத்தாதீங்கம்மா, தோள்லேர்ந்து அழுத்தம் வரணும்னு அவங்களுக்கே பாடம் எடுக்கிறார். எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருந்தது எனக்கு.

அப்புறம் சுவரைப் பார்த்து நிக்க வெச்சு, குதிகால் தரையை விட்டு எழும்பாம முழங்காலால சுவரைத் தொடச் சொன்னாங்க. வலி இருக்கிற வலது கால்ல முழங்கால் சுவர்கிட்டகூடப் போகல. இடது முழங்கால் சர்வசாதாரணமா போய்த் தொட்டுது, தள்ளி நிக்க வெச்சும் தொட்டுது. நாள் முழுக்க நிக்கிறவருக்குக் கணுக்கால் இப்படி வளையாதே, இந்த இடது காலுக்கு என்ன பயிற்சி செய்றீங்கன்னு கேட்டாங்க. அது நல்ல காலாச்சே, அதுக்கு எதுக்குப் பயிற்சின்னார் இவர். எங்க, வலது காலுக்குச் செய்யறதைச் செஞ்சு காட்டுங்கன்னாங்க. நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னார் பாரு, வலது கால் முன்னால மடங்கி, இடது கால் பின்னால விறைப்பா! பின்னால நீட்டி நிக்கிற கால்தான் பயிற்சி வாங்குற கால்னு அவங்க சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

நீ வீடியோவுல சொல்லிக் குடுத்தப்போ அவர் போனை எங்க வெச்சிருந்தார் தெரியுமா? சலூன் கண்ணாடி மேலேயே சாய்ச்சு, சீப்பு வைக்கிற பலகையில. நீ அவரைப் பார்த்து நின்னு உன் வலது காலைப் பின்னால வெச்சு, இந்தக் காலை இப்படி வைங்கப்பா, நான் நிக்கிற மாதிரியே நில்லுங்கன்னு சொல்லியிருக்க. அவர் வாழ்க்கை பூரா கண்ணாடியைப் பார்த்தே கத்திரி பிடிச்சவர். போன்ல நீ, பக்கத்துல கண்ணாடியில அவர், ரெண்டு உருவமும் அச்சு அசலா ஒண்ணா தெரியற மாதிரி நின்னுட்டார். அப்போ உன் வலது காலுக்கு நேரா அவர் இடது கால்தானே பின்னால போகும்! மடங்கின வலது கால்ல வலிச்சதை, பயிற்சி நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சுப் பொறுத்துக்கிட்டாராம். இதுக்கு அவரைத் திட்டுறதா உன்னைத் திட்டுறதா? போனைக் கீழே வெச்சுக் காலைக் காட்டுங்கன்னு ஒரு தடவையாவது கேட்டியா? போன்ல உனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் தொப்பை வரைக்கும்தான்.

காலை மாத்திச் செஞ்சா வலி படிப்படியா குறையும், கடையை விட வேண்டியதே இல்லன்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க. ஆனா நான் சொன்னா அவர் கேக்கவா போறார்? நீ சொன்னாத்தான் உண்டு. கட்டடக்காரர் வேற ஆளைப் பார்க்கிறதுக்குள்ள கூப்பிடு. மன்னிப்பு அது இதுன்னு நீட்டி முழக்காத, அழுதுடுவார். போனுக்கு முதுகைக் காட்டி நின்னு செஞ்சு காட்டு, போதும்.

இன்னொண்ணு. இதை உனக்கு எழுதவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் கேட்டார். தான் சொல்லிக் குடுத்ததுலதான் கோளாறுன்னு தெரிஞ்சா பொண்ணு மனசு உடைஞ்சிடுவா, நான் சோம்பேறின்னே இருந்துட்டுப் போறேன்னு சொன்னார். நீ பொய்யன்னு சொன்னதுக்கு அப்புறமும் தினம் காலையில ஷட்டரைத் தூக்கினதும் முதல் வேலையா அந்தப் பயிற்சியைச் செஞ்சவர் அவர். நம்பலைன்னா அந்த இடது காலைக் கேளு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும். நீயும் நாள் முழுக்க நின்னே வேலை செய்யறவதான், அப்பப்போ உட்காரு.

சத்தியம் பண்ணாமத் தப்பிச்ச,
உன் அம்மா