புளி போட்டுத் தேய்த்த நாணயங்கள்

என் ஆசை அண்ணா,

நீ போன பதினாறாம் நாள் உன் படத்துக்குப் படையல் போட்டோம். உனக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் இல்லையா? வடையும் பாயசமும் இலையில் வைத்த உன் பெண்டாட்டி, உள்ளே போய் ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் உன் அரபு நாணயங்கள். அத்தனையும் நேற்று அடித்த காசு மாதிரி பளபளவென்று இருந்தன.

"காலையிலேர்ந்து புளி போட்டுத் தேய்ச்சேன்மா. பாவம், களிம்பு ஏறிப்போய்க் கெடந்துச்சு. இன்னிக்காவது பளிச்சுன்னு இருக்கட்டும்," என்றாள் அண்ணி. அவள் விரல் நுனியெல்லாம் தோலுரிந்திருந்தது.

கலீஃபாக்கள் காலத்து வெண்கலம். தறியை விட்டு எழுந்தால் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பாய். சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரபி எதுக்குடா என்று தெருவே சிரித்தது, நீ விட்டாயா? அந்தப் பச்சைக் களிம்பில்தான் எழுத்தே நிற்கிறது, உரித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று என்னிடம் சொன்னாயே, அண்ணியிடம் என்ன சொன்னாய்? தொடாதே. அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா உனக்கு?

ஆற்காட்டிலிருந்து உன் கூட்டாளி பாய் வந்திருந்தார். உன்னோடு சேர்ந்து அத்தனையையும் படித்தவர் அவர்தானே. ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்குதா பாய்?"

"ரொம்ப நல்லா இருக்குதும்மா."

அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். "ஒரு எழுத்துகூட இல்லம்மா. எல்லாம் போச்சு," என்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. உன் மேல் அப்படி ஒரு கோபம்.

இப்போதைய சேதியைக் கேள். வெள்ளிக்கிழமையானால் விளக்கோடு சேர்த்து அந்தக் காசுகளையும் தேய்க்கிறாள். போன வாரம் தடுக்கத்தான் போனேன். "இருந்த வரைக்கும் தொட விட்டாரா? இப்பதான்மா அவரு பொருளு என் கைக்கு வந்திருக்குது," என்று சிரித்தாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்தே நான் பார்க்கவில்லை. எந்த வாயால் அண்ணா சொல்வேன்?

சொல்லமாட்டேன். சத்தியம். இந்தக் கடிதம்கூட அவள் கண்ணில் படாது. வர்ற வெள்ளிக்கிழமை நானே புளி கரைத்து எடுத்துக்கொண்டு போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கப் போகிறேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்தவள்