கண்ணுசாமி லாரியில் வரும் பெட்டி

திருச்செங்கோடு

அன்பு மகன் தீனதயாளனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம், கறவை மாடும் சுகம். சுகமில்லாமல் கிடப்பது என் எம்பிராய்டரி கம்ப்யூட்டர் ஒன்றுதான். போனில் பேசினால் நீ ஒரு பக்கம் கத்துகிறாய், நான் ஒரு பக்கம் கத்துகிறேன், அதனால்தான் எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

ஆயுத பூஜையன்று காலையில் புனேயில் உட்கார்ந்துகொண்டு இன்டர்நெட் வழியாக அப்டேட் போட்டுவிட்டது நீதான். கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற பூட்லோடருக்காம், முடிகிற வரை அணைக்கக் கூடாதாம். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் போகுதென்று சந்தனக் கிண்ணத்தோடு வந்த உங்கப்பா, ஓடுற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதென்று சுவிட்சை அணைத்துவிட்டார். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற தன் ரிக் வண்டிக்கும் வருஷா வருஷம் அப்படித்தானே செய்கிறார். பூஜை போட்டதை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்குக் கற்பூரம் காட்டி ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். இப்போது நீ அவரைச் சொல்கிறாய், அவர் உன்னைச் சொல்கிறார், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து நான் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ சொன்ன பட்டனையெல்லாம் அமுக்கியாயிற்று, பென்டிரைவும் போட்டாயிற்று, மறுபடி அதே கறுப்புத் திரைதான். கம்ப்யூட்டர் கடைக்காரர் அறிவு வந்து பார்த்துவிட்டு, டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலீங்கக்கா, எழுப்பிவிடறதுதான் கெட்டுப்போச்சு, எனக்குத் தெரிஞ்சது ஃபார்மேட்டுதானுங்க, டிசைன் எல்லாம் போயிரும் என்றார். நான் வயரையே பிடுங்கிவிட்டேன். வேறு எங்கேயும் நகல் இல்லை. உன்னிடம் சொன்னால் நீயும், போனாப் போகுதும்மா, அதுல அப்படி என்ன இருக்குது, மறுபடி போட்டுக்கலாம் என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை சாமி. இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் போட்ட ரவிக்கை டிசைனை இன்னொரு பொண்ணுக்குப் போட்டதில்லை நான். கார்த்திகையில் கல்யாணம் வைத்திருக்கிற தேவிப்ரியாவின் ரவிக்கை டிசைனும் அதில்தான் பாதியில் நிற்கிறது. அவள் வந்து கேட்கும்போது என்னால் முகத்தைக் காட்ட முடியவில்லை.

அதனால் கம்ப்யூட்டர் பெட்டியை உன்னிடமே அனுப்புகிறேன். சங்ககிரியிலிருந்து புனேக்கு லோடு ஏற்றிப் போகிற கண்ணுசாமி அண்ணன் கேபினிலேயே வைத்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். பழைய போர்வையில் சுற்றியிருக்கிறேன், பொட்டை அழித்துவிடாதே. முறுக்கும் இருக்கிறது. அண்ணனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு, நீயும் கண்டதையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

மலைமேல் இருக்கிற அர்த்தநாரீசுவரர் உனக்குத் துணையிருக்கட்டும். ஃபார்மேட் மட்டும் பண்ணாதே. சரியானதும் அண்ணன் திரும்புகிற லாரியிலேயே அனுப்பிவிடு. அனுப்புவதற்கு முன்னால் டிசைன் இருக்கிற இடத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார். நீ ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாய் அல்லவா, பார்த்துவிட்டு எனக்கு நீயே சொல்லு.

உன் அம்மா,
சென்னியம்மாள்