அக்காவுக்கு இருந்த இளைப்பு

அக்கா,

இன்று காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் முதுகுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது, பூனைக்குட்டி உறுமுவதைப் போல. சீப்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. ஒரே பாயில் உன் முதுகோடு ஒட்டிப் படுத்து, சின்ன வயது முழுவதும் நான் கேட்ட சத்தம் அது. மருந்தை உறிஞ்சியதும் அவளுக்கு அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை.

நம் வீட்டில் அதற்குச் சளி என்று பெயர். மார்கழியிலும் சளி, சித்திரையிலும் சளி. "இளைப்புன்னு வெளிய சொல்லீராத கண்ணு. பொண்ணு கேட்டு ஒருத்தரும் ஊட்டுப் படி ஏற மாட்டாங்க" என்று அம்மா சொல்லிச் சொல்லி, மூச்சு வாங்கும்போதுகூடச் சிரித்துச் சமாளிக்க நீ பழகிவிட்டாய். கடைசியில் அமைந்த சம்பந்தம் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக் குடும்பம். இறகும் தீவனத் தூசியும் பறக்கிற இடத்துக்குத்தானா உன்னை அனுப்ப வேண்டும்? நல்ல இடம் என்றார்கள்.

முதல் ஆடிக்கு வந்தபோது சொன்னாய்: "பாத்ரூம்ல கொழாயத் தொறந்து உட்டுட்டுத்தான் இளைப்பு மருந்து பம்ப் அடிக்கறேன். சத்தம் வெளிய கேக்காது." ஏதோ சாமர்த்தியம் செய்ததைப் போலச் சொன்னாய், நானும் சிரித்தேன். அடுத்த ஆடிக்கு நீ இல்லை. தீவனம் அரைக்கும் கொட்டகையில் மூச்சு முட்டி விழுந்தபோது, உன் இன்ஹேலர் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. நீ கைகாட்டி எதைக் கேட்கிறாய் என்றே அங்கிருந்தவர்களுக்குப் புரியவில்லையாம். துக்கத்துக்கு வந்தவர்களிடம் ஹார்ட் என்று சொன்னாள் அம்மா. நான் ஒருத்தி இன்னும் கட்டிக்கொடுக்காமல் இருந்தேன் அல்லவா.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் நானும் வீட்டுக்காரரும் மகளை ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு டாக்டரிடம் காட்டப் போனபோதும் கூட வந்தாள். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று டாக்டர் கேட்டார். "எங்க வழியில யாருக்கும் இல்லீங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "எங்கக்காவுக்கு இருந்துச்சுங்க. அதுலதான் செத்துப்போனா" என்றேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எனக்குமே சின்னதுல தோல்ல கரப்பான் இருந்துச்சுங்க. தூசி பட்டா தும்மல் நிக்காது. பொண்ணு பாக்கறப்போ சொல்ல வேண்டாம்னுட்டாங்க." அங்கேயும் அதே கதை.

டாக்டர் கோபப்படவில்லை. "கரப்பான், தும்மல், இளைப்பு எல்லாம் ஒரே அலர்ஜி வகையறாதாங்க. ஒரு மரபணுவால வர்றதில்ல. அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் இருந்து பல மரபணுக்கள் கொஞ்சங்கொஞ்சமாச் சேர்ந்து அந்த உடல்வாகைக் கொடுக்குது. தூசியும் புகையும் அதைத் தூண்டி உடுது. யார் மேலயும் குத்தமில்ல. முன்னாடியே தெரிஞ்சா காப்பாத்திக்கலாம்" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

 அதிலிருந்து, பள்ளி வேன் வந்து நின்றால் அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறாள். அக்கம்பக்கத்தார் நிற்பார்கள், அவள் பொருட்படுத்துவதில்லை. "பம்ப் எடுத்துக்கிட்டயா சாமி?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்கிறாள். இன்றும் கேட்டாள். உன்னிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் அப்படிக் கேட்டிருந்தால் நீ இருந்திருப்பாய் அக்கா.