தலைப்பிரட்டை வழக்கு

ஜூன் 9, திங்கள்

பள்ளித் தோட்டத்துக் குட்டையில் தலைப்பிரட்டைகள் அத்தனையும் செத்து மிதக்கின்றன. நத்தைகளும்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் அழுதார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு துள்ளல். இதுவரை அறிவியல் வகுப்பில் நானே ஜோடித்த மர்மங்களைத்தான் இவர்களைத் துப்பறிய வைத்தேன்: உதிர்ந்த இறகு, கடித்த கொட்டை, ஈர மண்ணில் காலடி. இப்போது நிஜ வழக்கு! "யார் செஞ்சதுன்னு கண்டுபிடிப்போமா?" என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது.

ஜூன் 10, செவ்வாய்

குட்டைக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வருகிறது என்று படம் வரைந்தார்கள். ஆய்வகச் சுவரை ஒட்டி வரும் வாய்க்காலின் ஓரத்தில் நீலக் கறை. கண்டுபிடித்தவள் சுருட்டை, முடியை வைத்து வகுப்பு வைத்த பெயர். "மை இல்ல டீச்சர். தேய்ச்சாலும் போகல."

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மயில்துத்தம், காப்பர் சல்பேட். போன வெள்ளி மாலை ஆய்வக அலமாரியைச் சுத்தம் செய்தபோது, கெட்டுப்போன கரைசலை எல்லாம் அங்கிருந்த கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். அந்தக் குழாய் சாக்கடைக்குப் போகிறது என்று நினைத்தேன். நினைத்தேனா? யோசிக்கவே இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். என் வாய் சொன்னது: "பூச்சிமருந்தா இருக்கலாம்."

இருபது தலைகள், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பள்ளித் தோட்டக்காரர் பக்கம் திரும்பின.

ஜூன் 11, புதன்

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

விஷயம் தலைமையாசிரியை காதுக்குப் போய்விட்டது. தோட்டக்காரரை வராந்தாவில் நிற்கவைத்தே கேட்டார்.

"மருந்து அடிக்கிறத விட்டு ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப தானா செத்துச்சா?" பிறகு என்னிடம், "நீங்க என்ன சொல்றீங்க?"

"பாக்கணும் மேடம்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மதியம் தோட்டக்காரர் குட்டையில் இறங்கி, செத்ததை எல்லாம் வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். என் வகுப்புப் பொடியன் ஒருவன் "கொலைகாரன்!" என்று கத்திவிட்டு ஓடினான். அந்தச் சொல்லை நான் சொல்லித் தரவில்லை. ஆனால் சொல்லித் தந்தது நான்தான்.

ஜூன் 13, வெள்ளி

சுருட்டை நோட்டோடு வந்தாள். "கணக்கு இடிக்குது டீச்சர். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நாம எண்ணினப்ப உயிரோட இருந்துச்சு. தோட்டக்கார மாமா அன்னிக்கும் சனிக்கிழமையும் லீவு. ஞாயிறு கேட்டு பூட்டியிருக்கும். அப்புறம் எப்படி?"

"நல்ல கேள்வி. திங்கக்கிழமை பாக்கலாம்."

திங்கட்கிழமையாம்! சீ.

ஜூன் 15, ஞாயிறு

என்ன பயம் எனக்கு? வேலையா போயிடும்? ஒரு மெமோ குடுப்பாங்க, ரெண்டு வாரம் முணுமுணுப்பாங்க. பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்படணுமேன்னுதானே — அதுக்காக ஒரு மனுஷன மாட்டிவிட்டுட்டு உக்காந்திருக்கேன்.

ஜூன் 16, திங்கள்

தோட்டக்காரரையும் வகுப்புக்கு வரச் சொன்னேன். கரும்பலகையில் வாய்க்காலை வரைந்து, அது தொடங்கும் இடத்தில் ஆய்வகத் தொட்டியை வரைந்தேன். "ஊத்தினது நான்."

சுருட்டை எழுந்து, "எப்பலேர்ந்து தெரியும் டீச்சர்?"

"நீ அந்தக் கறையக் காட்டின அன்னிலேர்ந்து."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதி முடிக்கும்வரை தலையைத் தூக்க முடியவில்லை.

வெளியே வந்து தோட்டக்காரரிடம், "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"கை தவறுறது சகஜம் டீச்சர். ஆனா அன்னிக்கு வராந்தாவுல, பக்கத்துலயே நின்னீங்களே..." முடிக்காமல் போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை தோட்டக்காரரிடம் வருத்தம் தெரிவித்தாராம், தன் அறைக்குள். வராந்தாவில் இல்லை.

ஜூலை 3, வியாழன்

புது வழக்கு. ரோஜா இலைகளில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அரைவட்டங்கள். இலைவெட்டித் தேனீயின் வேலை. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, அவர்களே கண்டுபிடிக்கட்டும். சந்தேகப் பட்டியலைப் பிள்ளைகளே போட்டார்கள். வெட்டுக்கிளி, கம்பளிப்பூச்சி, ஆடு. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாக, நான். கேலி இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

"டீச்சர், நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?" சுருட்டைதான்.

"நாலு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிட்டேன்."

அவள் பென்சிலை நோட்டில் வைக்கவில்லை. செடிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மண்வெட்டியை நிறுத்தி, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமாம்மா, நாலு மணிக்கு டீச்சருக்கு கேட்டைத் திறந்துவிட்டது நான்தான்," என்றார். "எழுதிக்கோ."