ஒன்பது என்று சொன்னவர்

9 ஜூன் 2025, திங்கள்

பல்லடத்தில் இன்று ஏழு வீடு. என் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு இன்னும் அறுபத்து மூன்று பேர் வேண்டும். கேட்பது ஒன்றுதான்: அடுத்த பத்து வருஷத்தில் உங்களுக்கு மாரடைப்பு வரும் என்று நீங்களே எவ்வளவு நினைக்கிறீர்கள்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். பிறகு பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்த்து, அவர்கள் நினைப்பும் நிஜமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஐந்து பேர் பூஜ்யம் சொன்னார்கள். "எனக்கெதுக்கு அம்மணி வருது அதெல்லாம்?" என்று கேட்டவர் கையில் பீடி.

11 ஜூன், புதன்

கோழிப்பண்ணை வைத்திருக்கும் மயில்சாமி வீடு. வயது ஐம்பத்தாறு, பீடிப் பழக்கம், பிரஷர் 170/100. அவர் சொன்ன எண் ஒன்று. "அதுவும் உங்க மனசு கோணக்கூடாதுன்னு சொன்னதுங்க." டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

அவர் மனைவி ராசாத்தாள், நாற்பத்தொன்பது. ஒன்பது என்றார். பிரஷர், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறது. "ஏனுங்க இத்தனை?" என்றேன்.

"தீவன மூட்டை தூக்குனா தாடை புடிச்சுக்குதுங்க. முதுகெல்லாம் வேர்த்து ஊத்துது. சித்த நேரம் உக்காந்தா உட்டுருது."

"இவளுக்குத் தும்மல் வந்தாலே சாவு பயந்தானுங்க" என்றார் மயில்சாமி. சிரித்தார். நானும் சிரித்தேன். படிவத்தில் காரணம் எழுத இடமில்லை. ஓரத்தில் 'தேவையில்லாத பயம்' என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

14 ஜூன், சனி

காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. பதினொரு வீடு.

19 ஜூன், வியாழன்

எண்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வழிகாட்டி மேடத்துக்கு ராசாத்தாளின் ஒன்பது பிடித்துப்போனது. "அபாயமே இல்லாமல் பயப்படுகிறவர்களுக்கு நல்ல உதாரணம், பிரவீனா. தனியா எழுது."

எழுத உட்கார்ந்தேன். 'தாடை' என்று தட்டச்சு செய்ததும் கை நின்றுவிட்டது. வேலை செய்தால் பிடிக்கிறது, உட்கார்ந்தால் விடுகிறது. இதயத்துக்கு ரத்தம் போதாததன் அடையாளம், பெண்களுக்கு நெஞ்சில் வராமல் தாடையிலும் வரும். மூன்று வருஷம் இதய வார்டில் இருந்தவள் நான். பரீட்சையில் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் எழுதியிருப்பேனே!

சாயங்காலம் மூன்று முறை போன் செய்தேன். மயில்சாமி எடுக்கவில்லை. மேடத்திடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "காலையில முதல் வேலையா அங்க போ."

20 ஜூன், வெள்ளி

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பழனாத்தாள்தான் சொன்னார்: "நேத்து பொழுதோட பண்ணைக்குள்ள உழுந்துட்டாளுங்க. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிருக்காங்க."

நேற்றுச் சாயங்காலம், நான் போன் செய்துகொண்டிருந்த நேரம்.

என்ன பண்ணிப்போட்டேன் நான்? கேட்டேனே — இந்தக் காதுலதானே கேட்டேன்? சிரிச்சுப்போட்டு வந்தேனே!

21 ஜூன், சனி

உயிர் இருக்கிறது. அடைப்பில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இதயத்தில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டதாம், அது இனி முழுசாகத் திரும்பாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மயில்சாமி நின்றிருந்தார். "எனக்குத்தானுங்க வந்திருக்கோணும். நீங்க சீட்டுகூட எனக்குத்தானே குடுத்தீங்க?" குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

18 ஜூலை, வெள்ளி

ராசாத்தாளை வீட்டில் போய்ப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். மயில்சாமி பண்ணைக்குப் போயிருந்தார்.

"அம்மா, நீங்க சொன்னதை நான் காதுல வாங்கலீங்க. தப்பு என்னுதுங்க."

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேனோ? சொல்லவில்லை.

"சொன்னது நானு. நீங்க அவரு மூஞ்சியத்தானே பாத்தீங்க?"

கிளம்பும்போது கூப்பிட்டார். "ஏனுங்க கண்ணு, இனி எந்த ஊட்டுக்குப் போனாலும் பொம்பளையாளத் தனியா வெச்சுக் கேளுங்க."

படிவத்தில் 'ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்றேன் மேடத்திடம். சேர்த்தால் இதுவரை எடுத்தது வீண், முதலிலிருந்து ஆரம்பிக்கணும் என்றார். சரி என்றேன்.

21 ஜூலை, திங்கள்

அருள்புரத்தில் நான்கே வீடு. ஆண்கள் தறிக்குப் போன பிறகுதான் போனேன். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா ஏழு என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்.