ஒன்பது அங்குலம்

3 ஜூன் 2023
கரியாலூரையும் தாண்டிப் போய் சாலம்மாளை அளந்துகொண்டு வந்தேன். ரேஷன் கடை ஜன்னல் முன்னால் நிற்கும் பெண்ணாக அவரை மரத்தில் செய்ய ஆசை. கயிற்றைத் தலையில் வைத்ததும் தட்டிவிட்டார். "குழி வெட்டவா அளக்குற?" அரை நாள் கெஞ்சினேன்.

நாலடி ஏழு அங்குலம். கடை ஜன்னலின் பலகை அவர் தோளுக்கு வருகிறது. உள்ளே இருக்கும் எடை மெஷின் அவருக்குத் தெரிவதே இல்லை. எவனோ ஐந்தரை அடி ஆம்பிளையை நினைத்துப் படம் போட்டிருக்கிறான், அதே படம் எல்லா ஊருக்கும்.

கிளம்பும்போது கேட்டார்: "செலை செஞ்சா எனுக்கு இன்னா ஆவும்? எடை தெரியுமா?" தெரியும் என்று வாயை விட்டுவிட்டேன்.

4 ஜூன்
ஏன் சொன்னேன்?

9 ஜூன்
கள்ளக்குறிச்சி பட்டறையில் ராஜாங்கம் அண்ணனிடம் முடிச்சுப் போட்ட கயிற்றையும் முகத்தின் களிமண் மாதிரியையும் கொடுத்தேன். தேருக்குச் சிற்பம் செதுக்குகிறவர். ஜூலை இரண்டாம் தேதி கண்காட்சி. ரேஷன் கடைகளின் கட்டடப் படத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரியே திறக்க வருகிறார்.

24 ஜூன்
பத்து நாள் ஜுரத்தில் கிடந்துவிட்டுப் போய்ப் பார்த்தால் — ஐந்தரை அடியில் ஒருத்தி நிற்கிறாள். சாலம்மாளின் முகம், அம்மனின் உடம்பு. முகத்தைப் போல ஒன்பது மடங்கு உயரம், அதுதான் அண்ணனுக்குத் தெரிந்த அளவு. கயிறு ஆணியில் தொங்குகிறது. அதைத் தொடவே இல்லையா என்று கேட்டேன்.

"தொட்டேம்மா. குட்டையா வெட்டுனா செலை மூளியாப் பூடும். உன் கயிறுதான் தப்புன்னு நெனச்சிக்கினேன்."

உயிரோடு நடக்கிற மனுஷி தப்பாம். ஜன்னல் போட்டவனும் இதைத்தானே செய்தான்? கத்திவிட்டு வந்தேன். வேறு மரமும் இல்லை, நாளும் இல்லை.

25 ஜூன்
முழங்காலோடு அறுத்துவிடலாமா? — சீ.

27 ஜூன்
கடை ஜன்னலின் அளவிலேயே நாங்கள் செய்து வைத்திருந்த மர ஜன்னல் முன்னால் அவளை நிறுத்தினோம். சௌகரியமாக உள்ளே பார்க்கிறாள். பார்க்கப் பார்க்க எரிச்சல். அவளைக் குறைக்க முடியாது, சரி, ஜன்னலை ஏற்றினால் என்ன? கணக்குப் போட்டேன். பலகை இவள் தோளுக்கு வர ஒன்பது அங்குலம் ஏற்ற வேண்டும். அண்ணன் ரம்பத்தை எடுத்தார்.

2 ஜூலை
அதிகாரியும் சிலையின் உயரம்தான், ஐந்தரை அடி. பார்வையாளர் நோட்டை அந்தப் பலகை மேல்தான் வைத்திருந்தேன், வேண்டுமென்றே. குதிகாலைத் தூக்கிக்கொண்டு எழுதினார். கையெழுத்து கோணலாக விழுந்தது. யார் கொடுத்த அளவு இது என்று கேட்டார்.

"உங்க ஆபீஸ் படம்தான் சார். கரியாலூர்ப் பக்கத்துல சாலம்மாளுக்குக் கடைப் பலகை எவ்ளோ உசரமோ, உங்களுக்கு இது அவ்ளோ."

அவர் சிரிக்கவில்லை. சிலை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

19 ஆகஸ்ட்
சாலம்மாள் போன் செய்தார். ஆபீஸிலிருந்து ஆள் வந்து கடைப் பலகையை இடித்து இறக்கிவிட்டார்களாம்.

"எடை பாத்தேன் கண்ணு. அரிசி அரைக் கிலோ கம்மி. கேட்டேன், போட்டான்."

சிலையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.